நான்காம் தட்டின் சீவல்கள்

அன்றைக்கு அந்தத் தட்டு திரும்பியிருந்ததா, இல்லையா? நான்கு வருடமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கை நின்றுவிடும். மேசை ஞாபகத்துக்கு வரும், சன்னல் வரும், தட்டும் வரும். அதன் எந்த முனை என் பக்கம் இருந்தது என்பது மட்டும் வராது.

எந்தத் தட்டு என்று சொல்லாமல் இப்படித் தொடங்கியது சரியில்லைதான். முறையாகவே சொல்கிறேன்.

நான் பாரம் ஐந்து, அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணம் ஆகி, அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலையேறி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். என் கணவருக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அங்கே நுண்ணோக்கி, சில கண்ணாடிக் குப்பிகள், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. செடிகளின் நோய்களைப் பார்க்கத் தைப்பிங்கிலிருந்து வந்த ஓர் அதிகாரி அங்கே தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்தில் அவருக்குப் பூச்சி சார் என்று பெயர். எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் உதவியாள் வேண்டும் என்று அவர் கேட்டபோது, என் மகள் பிறந்து எட்டு மாதம். போகலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் குழம்பிவிட்டுப் போனேன். போன பிறகும் குழம்பினேன். காலையில், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு நடந்தால், பாதி வழியில் நின்று, அழுகிறாளோ என்று காது கொடுத்துக் கேட்பேன்.

அப்போது எங்கள் லயத்துக்கு மிக அருகில் இருந்த தேயிலைக் காட்டில் ஒரு தொல்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் சற்றுச் சாய்ந்தாலே தேயிலைக் கிளைகள் மளுக்கென்று ஒடிந்தன. ஒடிந்த இடத்தில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. உள்ளே எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கறுப்பு வண்டு.

தோட்டத்து மேனேஜர் கேட்டது ஒரே கேள்விதான்: அந்த வண்டு எவ்வளவு ஆழம் போகிறது? மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை செடிகளை முழங்கால் உயரத்தில் கவாத்து வெட்டுவார்கள். வண்டின் வழி அந்த வெட்டுக்கு மேலேயே முடிந்துவிட்டால், வெட்டிய குச்சிகளைக் கொளுத்தினால் போதும். வெட்டுக்குக் கீழேயும் இறங்கியிருந்தால் கணுக்கால் வரை வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் அந்தக் காட்டில் ஒரு வருடத்துக்குக் கொழுந்து இருக்காது.

அந்தக் காடு ஆயாக் கொட்டகைக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதனால் கைப்பிள்ளைக்காரிகளை அங்கேதான் போடுவார்கள். பத்து மணிக்கு இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். அது இல்லையென்றால் லாரியில் ஏறி மேல் மலைக்குப் போக வேண்டும். விடிவதற்குள் கிளம்பினால் சாயந்தரம்தான் பிள்ளை முகம். அங்கே வேலை செய்த கைப்பிள்ளைக்காரிகளில் ஒருத்தி என் நாத்தனார். என் கணவரின் தங்கை. அவளுடைய பையனுக்கு அப்போது மூன்று மாதம். புட்டிப்பால் வாயில் வைத்தால் துப்பிவிடுவான்.

பத்து மணிக்கு நானும் அவளும் கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்னா அண்ணி, இன்னிக்கு எத்தன குச்சி சீவுனீங்க? கேரட்டா இருந்தாலும் ஒரு கூட்டு வச்சிருக்கலாம்."

"ஒன் வேலையப் பாரு," என்பேன்.

"பதினஞ்சு வருசம் படிச்ச ஆளும் அஞ்சாம் பாரம் படிச்ச ஆளும் சேந்து ஒரு வண்டு வீட்டுக்கு வழி தேடுறீங்க. எங்க வீட்டுக்காரரக் கேட்டா வண்டக் கல்லுல வச்சு நசுக்கிட்டு முடிஞ்சிச்சு லான்னு சொல்லிருவாரு."

நானும் முதலில் ஏறக்குறைய அவளைப்போலத்தான் நினைத்தேன். குச்சியை நடுவில் பிளந்து பார்த்தால் தெரியாதா என்று சாரிடம் கேட்டேன். அவர் ஒரு குச்சியை எடுத்துப் பிளந்து என் கையில் கொடுத்தார். ஒரு பாதியில் இரண்டு புள்ளி, மறு பாதியில் ஒரு பள்ளம். எது எதோடு சேர்கிறது என்று சொல்லவே முடியவில்லை. வளைந்து வளைந்து போகும் வழியை ஒரே வெட்டில் பார்த்தால் வழி துண்டு துண்டாகிவிடுகிறது. முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் குச்சியைக் குறுக்கே மெல்லிய வட்டங்களாகச் சீவி, ஒவ்வொன்றையும் வரைந்து, வரைந்தவற்றை மறுபடியும் அதே வரிசையில் அடுக்க வேண்டும் என்றார். உடைத்ததையெல்லாம் திரும்பக் கட்டுவது.

அதை அவர் செய்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம் அடங்குவதில்லை.

விரல் நீளக் குச்சியை நாள் கணக்கில் வேகவைத்து மென்மையாக்குவோம். பிறகு அதை ஒரு கருவியில் நிறுத்துவோம். திருகைத் திருப்பினால் குச்சி ஒரு துளி மேலே எழும்பும், அகலமான கத்தி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். விழும் சீவல் காசை விடச் சின்னது, வெங்காயச் சருகைப் போல மெல்லியது. பத்துச் சீவலுக்கு ஒன்றை நான் ஈரத் தூரிகையால் எடுத்து வைப்பேன். எடுத்து வைப்பதற்கு எங்களிடம் இருந்தது ஐஸ் கட்டி செய்யும் தட்டு. வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசை, பதினான்கு குழி. ஒவ்வொரு குழியிலும் தண்ணீர், ஒவ்வொன்றிலும் ஒரு சீவல். முதல் குழி எது என்று தெரிய, தட்டின் அந்த மூலையில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருப்போம். ஒரு குச்சிக்கு நான்கு தட்டு.

பிறகு சீவல்களை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்துப் பத்து மடங்கு பெரிதாக வரைய வேண்டும். வரைவதற்குத் தெளிவான தாள் வேண்டுமே? அதை வாங்கும் வசதி எங்களுக்கு இல்லை. சார் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் கேட்டு, வேண்டாமென்று கழித்த எக்ஸ்ரே படங்களை ஒரு கட்டு வாங்கி வந்தார். துணி வெளுக்கும் மருந்தில் அவற்றை ஊறப்போட்டால், யாரோ ஒருவருடைய விலா எலும்பும் நுரையீரலும் கறுப்புச் சேறாக வழிந்து போய்விடும். கண்ணாடி மாதிரி ஒரு தாள் மிஞ்சும். எனக்கு முதலில் பயமாக இருந்தது. இந்த ஆள் பிழைத்தாரா என்று ஒவ்வொரு படத்துக்கும் கேட்டேன். சார் சிரிக்கவில்லை. பிழைத்திருப்பார், அதனால்தான் படம் இங்கே வந்திருக்கிறது என்றார். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதன்பிறகு படங்களைப் பயமில்லாமல் ஊறப்போட்டேன்.

தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக ரம்பத்தால் கீறல் போட்டு, வரைந்த படங்களை ஒவ்வொன்றாக அதில் நிறுத்துவோம். ஏன் சரியாக ஒரு சென்டிமீட்டர் என்று கேட்டேன். எடுத்து வைத்த சீவல்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் இருக்கிறது, அகலத்தைப் பத்து மடங்கு பெருக்கிவிட்டு நீளத்தை மட்டும் அப்படியே விட்டால் நசுங்கிய குச்சிதான் கிடைக்கும் என்றார். இதில் அவ்வளவு பெரிய விஷயம் ஒன்றும் இல்லை என்று இப்போது தோன்றலாம். எனக்கு அன்று ஏதோ ஒரு கதவு திறந்தது போல இருந்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு படித்தேன், பரீட்சை எழுதினேன். அந்தக் கணக்கு ஒரு பொருளாக எழுந்து நிற்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கடைசியில், ஒவ்வொரு படத்திலும் துளை இருந்த இடத்தை பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டைகள் வழியாக ஒரு சிவப்பு ஒயரை விட்டார். ஒயர் வளைந்தது, சுற்றியது, நிமிர்ந்தது. பிறகு படங்களைக் கீறிக் கீறி உருவி எடுத்தார். ஒயர் மட்டும் நின்றது.

வண்டு போன வழி! யாரும் பார்த்திராத, மரத்துக்குள் இருட்டில் தோண்டிய வழி, மேசைமேல் என் முன்னே நின்றுகொண்டிருந்தது. வாசலிலிருந்து நேரே உள்ளே போய், நடுத்தண்டைச் சுற்றி ஒரு வளையம். வளையத்திலிருந்து ஒரு கிளை. தோண்டுவது தாய் வண்டு என்றார் சார். அது சுவரெல்லாம் ஒருவகை வெள்ளைப் பூஞ்சையை வளர்க்குமாம், குஞ்சுகளுக்குத் தீனி அதுதான். குஞ்சுகள் வளரும் வரை தாய் தன் உடம்பாலேயே வாசலை அடைத்துக்கொண்டு நிற்குமாம். நாங்கள் கொல்ல வழி தேடிக்கொண்டிருந்த பூச்சி அது. அதை மெச்சுவது தப்போ என்று தோன்றியது. இருந்தாலும் மெச்சினேன்.

அது பழகிப் பார்ப்பதற்காகச் செய்தது. மேனேஜருக்குக் கொடுக்க வேண்டிய குச்சி அடுத்தது. கவாத்து உயரத்துக்கு மேலும் கீழும் சேர்ந்து வருமாறு வெட்டிய குச்சி.

அதன் நான்காம் தட்டை நான் சீவி முடித்த அன்று மகளுக்குக் காய்ச்சல். பத்து மணிக்குக் கொட்டகைக்கு ஓடினேன். அவள் பால் குடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயா ஏதோ கஷாயம் கொடுக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பிறகு கொடுக்கச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். உட்கார்ந்து, தட்டை எடுத்து, முதல் குழியிலிருந்து வரையத் தொடங்கினேன். அன்று முழுக்க என் கண் மட்டும்தான் அந்த அறையில் இருந்தது.

அடுக்கிப் பார்த்தபோது மூன்றாம் தட்டின் கடைசிப் படத்தோடு ஒயர் நின்றது. நான்காம் தட்டில் முதல் ஐந்து படங்கள் வெறுமை. ஆறாவதில் மறுபடியும் ஒரு துளை தொடங்கி, கடைசிப் படம் வரை போய், அதற்குக் கீழும் இறங்குவதாகத் தெரிந்தது. சார் இன்னொரு ஒயர் எடுத்து விட்டார். கீழே வேறொரு வண்டு, வேறொரு வழி, வெட்டுக்குக் கீழே. அவர் முகம் வாடிவிட்டது. கணுக்கால் கவாத்துதான் என்று அறிக்கை எழுதத் தொடங்கினார். அன்று சாயந்தரமே செய்தி லயத்துக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது என்று தெரியவில்லை, நான் சொல்லவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு நாத்தனார் என்னைக் கேலி செய்யவில்லை. பையனை மடியில் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். எழுந்து போகும்போது மட்டும் கேட்டாள்.

"அண்ணி, அவனுக்கு இப்பவே புட்டி பழக்கணுமா? எத்தன நாள் இருக்கு?"

அந்த நிமிடத்தில்தான் எனக்குத் தட்டு ஞாபகம் வந்தது. நான் சன்னலோரம் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது அது நடு மேசையில் இருந்தது. பிளாஸ்திரி எங்கே? நான் அதைப் பார்த்ததாக நினைவே இல்லை. எங்கள் ஊர் ஈரத்தில் பிளாஸ்திரி அடிக்கடி கழன்று விழும். யாராவது தட்டைத் தூக்கித் திருப்பி வைத்திருந்தால், பதினான்காம் குழி முதல் குழியாகியிருக்கும். அப்படியென்றால் நான் வரைந்தது தலைகீழ். நேராக்கிப் பார்த்தால் மூன்றாம் தட்டின் துளை அப்படியே தொடர்ந்து, நான்காம் தட்டின் நடுவில், கவாத்து வெட்டுக்கு மேலேயே முடிந்துவிடும். கீழே ஐந்தும் வெறும் மரம். இரண்டாவது வண்டே கிடையாது.

அறைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். இது உண்மையிலேயே சந்தேகமா, அல்லது நாத்தனாருக்காக என் மனம் கண்டுபிடித்ததா? முடிவு எங்களுக்கு வசதியாக வந்திருந்தால் தட்டைப் பற்றி நினைத்திருப்பேனா? நினைத்திருக்க மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும், போய்ச் சொன்னேன். இதையும் சேர்த்தே சொன்னேன், என் நாத்தனார் அந்தக் காட்டில்தான் வேலை செய்கிறாள் என்று.

சார் பேனாவை மூடி வைத்தார்.

"தட்ட நகத்துனது நான்தான்," என்றார். "பனி உள்ள வந்துச்சு, சன்னல சாத்துனேன். திருப்பி வச்சனா, நேரா வச்சனான்னு எனக்கே தெரியல லா."

"பிளாஸ்திரி இருந்துச்சா சார்?"

"பாக்கல. பாத்திருக்கணும்."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனவள் நான். அவர் தன் பங்கை முதலில் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இருவரும் தரையில் தேடினோம். பிளாஸ்திரி மேசைக்கு அடியில் கிடந்தது. எப்போது விழுந்தது என்று அது சொல்லுமா? படங்களைத் திருப்பி அடுக்கிப் பார்த்தோம். துளை மூன்றாம் தட்டோடு ஏறக்குறையப் பொருந்தியது. ஏறக்குறையத்தான். மரச் சீவல் தண்ணீரில் உப்பும், அதனால் அந்த வித்தியாசம் எதையும் நிரூபிக்காது என்றார். கணு எதுவும் அந்தப் பகுதியில் இல்லை, இருந்திருந்தால் அதை வைத்து மேல் கீழ் கண்டுபிடித்திருக்கலாம். குச்சியில் அறுத்து ஒதுக்கிய கீழ்த்துண்டு இருந்தாலாவது பார்க்கலாம். அதை நானேதான் குளிர்காய விறகோடு போட்டிருந்தேன். காட்டுக்குப் போய்ச் செடியின் அடியையும் பார்த்தார். அங்கே துளை இல்லை. எரிந்த துண்டுக்குள்ளேயே அது முடிந்திருக்கலாம், அல்லது அதில் எதுவுமே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

"இந்தக் குச்சிய கணக்குல சேக்க வேணாம்," என்றார். "இன்னும் ரெண்டு குச்சி சீவுவோம். ஒங்க வீட்டு ஆளு அந்தக் காட்டுல இருக்காங்கன்னு சொன்னீங்கள்ல, அதனால குச்சிய நீங்க எடுக்காதீங்க, நானும் எடுக்கல. கங்காணிகிட்ட சொல்லி எடுக்கச் சொல்லுவோம்."

மேனேஜரிடம் மூன்று வாரம் அவகாசம் கேட்டார். அவருக்கு அதனால் நல்ல பேர் வரவில்லை. ஐஸ் தட்டின் மூலையை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டார், அறுத்த மூலை கழன்று விழாது. குச்சியின் ஒரு பக்கம் முழு நீளத்துக்கும் இரண்டு மெல்லிய கோடு கீறினார், ஒவ்வொரு சீவலிலும் அந்த வடுக்கள் தெரியும். ஒன்று நேராக இறங்கும், மற்றது மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக அதைவிட்டுச் சாய்ந்து விலகும். அதனால் எந்தச் சீவல் எதற்கு அடுத்தது என்று தட்டே இல்லாமல் சொல்லிவிடலாம். அந்தச் சாய்ந்த கோட்டை நான் எத்தனையோ தடவை நினைத்து வியந்திருக்கிறேன். எங்கள் தப்பைத் திட்டித் தீர்க்காமல், மறுபடி நடக்க முடியாதபடி மரத்திலேயே எழுதிவிட்டார்.

இரண்டு குச்சியிலும் வண்டின் வழி வெட்டுக்கு மேலேயே முடிந்தது. வளையம், ஒரு கிளை, அவ்வளவுதான். காட்டில் வழக்கமான கவாத்து போட்டார்கள். அதையும் பாதி பாதியாகப் போட்டதால் கைப்பிள்ளைக்காரிகள் அங்கேயே இருந்தார்கள். நாத்தனாரின் பையன் புட்டி பழகாமலே வளர்ந்தான்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நாத்தனார் லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"எங்கண்ணி ஒரு குச்சிய மாத்தி வச்சாங்க பாரு, காடே தப்பிச்சிருச்சு. படிச்சவங்கன்னா சும்மாவா?"

அப்படி இல்லை, நான் எதையும் மாற்றவில்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். கண் சிமிட்டுவாள். சில பெண்கள் எனக்கு முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் பொய் சொல்லி அவர்களைக் காப்பாற்றினேன் என்ற நன்றி அது. வாங்கவும் கூசியது, மறுக்கவும் தெரியவில்லை. சமைத்துச் சாப்பிட்டோம்.

சார் அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விட்டார். போவதற்கு முன் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மேனேஜருக்காகச் சீவிய முதல் குச்சியின் வரிசை ஐயத்துக்குரியது, முடிவில் சேர்க்கப்படவில்லை என்று எழுதி, தட்டை நகர்த்தியது தான் என்றும் எழுதியிருந்தார். என் பெயர் அதில் இல்லை.

இப்போது அந்தக் காட்டுக்கு மறுபடியும் கவாத்து வருகிறது. புதிதாக வந்திருக்கும் அதிகாரி நல்லவர், அவசரக்காரர். பழைய அறிக்கையை எடுத்துக் கொடுக்கச் சொன்னார், முதல் பக்கத்தைப் பார்த்தார், அதே உயரத்தில் வெட்டிவிடலாம் என்றார். கடைசிப் பக்கத்தை அவர் திருப்பவில்லை. காட்டின் கீழ் மூலையில் போன மாதம் நாலைந்து கிளைகள் ஒடிந்தன. காற்றாகவும் இருக்கலாம். ஒருவேளை அன்று தட்டு நேராகவே இருந்து, வெட்டுக்குக் கீழே உண்மையிலேயே ஒரு வண்டு இருந்திருந்தால்? இரண்டு குச்சியில் இல்லாதது எல்லாக் குச்சியிலும் இல்லை என்று ஆகுமா?

கீழ் மூலையிலிருந்து சில குச்சிகளை எடுத்துச் சீவிப் பார்ப்போம் என்று நான் சொன்னால் அவர் கேட்பார். கருவி இருக்கிறது, எனக்கும் கை பழகிவிட்டது. ஆனால் துளை கீழே இருப்பதாகத் தெரிந்துவிட்டால் இந்தத் தடவை கணுக்கால்தான், மேல் மலைக்கு லாரிதான். நாத்தனார் இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. இன்னும் நான்கு பேர் கைப்பிள்ளையோடு அந்தக் காட்டில் இருக்கிறார்கள். என்னைத் தங்கள் ஆள் என்று நம்புகிறார்கள். சும்மா இருந்துவிட்டால், வண்டு உண்மையிலேயே இருக்கும் பட்சத்தில், இரண்டு மூன்று வருடத்தில் காடு முழுவதும் போய்விடும். அப்போது யாருக்குமே அங்கே வேலை இருக்காது.

கணவரிடம் கேட்டேன். உனக்கு எது சரியோ அதைச் செய் என்றார். எது சரி என்று தெரிந்தால் நான் ஏன் கேட்கிறேன்?

இதைப் படிக்கிறவர்களில் என்னைப்போல் பிள்ளையைக் கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். நாள் முழுக்க அளந்தும் எண்ணியும் வேலை செய்கிறவர்களும் இருப்பீர்கள். கவாத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. குச்சி சீவ மூன்று வாரமாவது வேண்டும். அதிகாரியிடம் போய்க் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள் என்று சொல்ல வேண்டுமா? சொல்வதென்றால், அதற்கு முன்னால் நாத்தனாரை உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டுமா, அல்லது சீவி முடித்து விஷயம் தெரிந்த பிறகு சொன்னால் போதுமா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் முதலில் யாரிடம் போவீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.